கடல் கடந்த கரைக்காரர்கள் – 17: போதும் என்ற பாட்டும், தா என்ற பாட்டும்

போன வாரம் துரைசாமியைப் பினாங்குத் துறையில் இறக்கிவிட்டு நிறுத்தினோம். கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட சின்ன மருதுவின் இளைய மகன். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தகப்பனும் பெரியப்பனும் தூக்கில் தொங்கியபோது அவனுக்கு வயது பதினைந்து என்பார்கள். அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகளில் அவனும் ஒருவன். சிவகங்கைப் பட்டத்துக்கு உரியவராயிருந்த வேங்கை பெரிய உடையணத் தேவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

பதினாறு ஆண்டுகள் போயின. 1818இல் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் பினாங்குக்கு வந்தார். மருது படைகளை எதிர்த்துக் காளையார்கோவில் காட்டில் சண்டையிட்டவர் இவர். அதற்கு முந்தைய சமாதான நாட்களில் ஈட்டி எறியவும் வளரி வீசவும் இவருக்குக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான். பினாங்கில் இவர் முன்னால் தளர்ந்துபோன ஓர் உருவம் வந்து நின்றது. கிழவர் என்றே வெல்ஷ் நினைத்தார். தாம் யார் என்று அந்த மனிதர் சொன்ன பிறகுதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வயதைச் சற்றே தாண்டிய துரைசாமி அது. 1830இல் லண்டனில் அச்சான தம் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் இந்தச் சந்திப்பை வேதனையோடு எழுதிவைத்திருக்கிறார். பகைவனின் பேனாவால்தான் நமக்கு இது தெரிகிறது.

அரண்மனையில் பிறந்து கந்தையில் முடிந்த இந்த வாழ்க்கையை மனத்தில் வைத்துக்கொண்டு, இந்த வாரம் பாட்டுகளைப் பற்றிப் பேச வேண்டும். போர், ஒப்பந்தம், குடியேற்றக் கணக்கு என்று இதுவரை வந்த பதினாறு அத்தியாயங்களிலும் பினாங்கின் சூலியத் தெருவில் நடந்த மனிதன் என்ன பாடினான் என்று கேட்காமலே வந்துவிட்டோம். அவன் வறியவன். வறுமையைப் பற்றி அவன் தாய்மொழியில் பாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் மிகப் புகழ் பெற்றவை, வறுமையே சுகம், இருப்பதே போதும் என்று பாடுபவை. அந்தப் பாட்டுகளை வைத்து, பாடியவர்கள் திருப்தியாக இருந்தார்கள் என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது என்பதுதான் என் எண்ணம். ஏன் என்று பார்ப்போம்.

*

துரைசாமி பிறந்த அதே மறவர் சீமையில், காளையார்கோவிலுக்கு அதிக தூரமில்லாத தொண்டிக் கரையோரம், குணங்குடி என்று ஒரு சிற்றூர். 1792இல் அங்கே சுல்தான் அப்துல் காதிர் பிறந்தார். மருது சகோதரர்கள் மடிந்தபோது அவர் ஒன்பது வயதுப் பையன். வீட்டுக்கு வெளியே பாளையப் போர் கொழுந்துவிட்டு எரிந்த ஆண்டுகள் அவருடைய பிள்ளைப் பருவம். கீழக்கரைக்குப் போய்த் தைக்கா சாகிபிடம் அரபும் மார்க்கக் கல்வியும் பயின்றார். மாமன் மகளைக் கட்டிவைக்கக் குடும்பம் பேச்செடுத்தபோது மறுத்துவிட்டார். இருபது வயதை ஒட்டி வீட்டையே துறந்தார். திருச்சியில் மௌலவி ஒருவரிடம் தீட்சை, திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் தவம், சதுரகிரி முதலான காடு மலைகளில் அலைச்சல், கடைசியில் சென்னை. இராயபுரத்துப் புதரும் புன்செயுமாய்க் கிடந்த இடத்தில் தங்கினார். கிழிந்த துணியோடு குப்பைமேட்டில் கிடப்பார், தெருவில் திரிவார் என்று அவர் சரிதம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஊர் அவரை மஸ்தான் என்றது. குணங்குடி மஸ்தான் சாகிபு என்று நாம் அறிவது அவரைத்தான். 1838இல் அங்கேயே அடக்கமானார்.

அவரைச் சுற்றிக் கூடியவர்களில் முதலியார்களும் ஐயர்களும் இருந்தார்கள். சரவணப்பெருமாள் ஐயர் அவர்மேல் நான்மணிமாலை பாடினார். ஐயாசாமி முதலியார் பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். அவருடைய பாடல்களைத் திரட்டி அச்சேற்றியவர் சீயமங்கலம் அருணாசல முதலியார். தொண்டிக் கரையின் முஸ்லிம் துறவிக்குச் சென்னைச் சைவர்கள் செய்த தொண்டு இது. மதம் பார்த்து ஆளைப் பிரிக்கும் பேச்சு ஓங்கும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே நின்று கவனியுங்கள். ஒரே மண், ஏறத்தாழ ஒரே வயது. துரைசாமி 1786 வாக்கில் பிறந்தவர், மஸ்தான் 1792இல். இருவரும் கந்தை உடுத்தினார்கள். ஒருவருக்கு அது கம்பெனி உடுத்திவிட்டது. இன்னொருவர் தாமாக எடுத்து உடுத்திக்கொண்டார். போதும் என்று பாடியவர் இரண்டாமவர்.

*

மஸ்தான் சாகிபு வெறுங்கையோடு பாட வரவில்லை. அவர் பாடிய பராபரக்கண்ணிக்கு மாதிரி, அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன் மறைந்துவிட்ட தாயுமானவருடைய பராபரக்கண்ணி. இரண்டடிக்கு ஒரு கண்ணி, ஒவ்வொன்றும் பராபரமே என்ற விளியில் முடியும். கேட்ட மாத்திரத்தில் வாய்க்கு வந்துவிடும் எளிமை. தாயுமானவர் பாடியது முந்நூற்று எண்பத்தொன்பது கண்ணி; மஸ்தான் பாடியது நூறு.

தாயுமானவர் யார் என்று தெரிந்தால்தான் அந்தப் பாட்டின் எடை தெரியும். 1705 வாக்கில் வேதாரணியத்தில் பிறந்தவர். தகப்பனார் கேடிலியப்பப் பிள்ளை கோயில் நிர்வாகம் பார்த்துப் பிறகு திருச்சி அரண்மனைக்குப் போனவர். அவருக்குப் பின் அதே அரண்மனையில், விஜயரங்க சொக்கநாத நாயக்கரிடம், மகனும் பெருஞ்சம்பிரதி வேலைக்கு அமர்ந்தார். அதாவது அரசின் கணக்கு அவர் கையில். எந்த ஊரில் எவ்வளவு விளைந்தது, எவ்வளவு வந்தது, எது எங்கே போனது என்று அத்தனையும் தெரிந்த இடம். கோயில்களுக்கு வாரி வழங்கியே கஜானாவைக் கரைத்த மன்னரின் கணக்குப் பிள்ளை அவர்.

ஒரு கதை சொல்வார்கள். அரசர் அவருக்கு விலையுயர்ந்த சால்வை ஒன்று போர்த்தினார். போகும் வழியில் குளிரில் நடுங்கிய ஏழைக் கிழவி ஒருத்தி. அவள் மேல் அதைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அரசர் கேட்டபோது, அகிலாண்டேசுவரிக்குக் கொடுத்துவிட்டேன் என்றாராம். நடந்ததோ இல்லையோ, தமிழ்நாடு இருநூற்றைம்பது ஆண்டுகளாக இந்தக் கதையைச் சொல்லிவருவதற்குக் காரணம் இருக்கிறது. தாயுமானவருடைய திருப்தி, கிழவியைப் பார்த்து நீ குளிரைப் பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. தம் தோளில் இருந்ததைக் கழற்றிப் போட்டது.

1732இல் மன்னர் இறந்தார். ராணி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். வாரிசுச் சண்டை மூண்டது. சந்தா சாகிபு திருச்சிக்குள் புகுந்தார். அந்தக் கலவரத்தில் பதவியை உதறிவிட்டுத் தாயுமானவர் தெற்கே போய்விட்டார். தமையனின் வற்புறுத்தலால் சில காலம் இல்லறத்தில் இருந்தார். மட்டுவார்குழலி என்ற மனைவி, கனகசபாபதி என்ற மகன். மனைவி இறந்தபின் மறுபடி துறவு. இராமநாதபுரத்து இலட்சுமிபுரத்தில் சமாதி. ஆக, மறவர் சீமைக்கு அவரும் கடைசியில் வந்து சேர்ந்தார்.

ஆசைக்கு அளவே கிடையாது என்பதை ஆள் ஆளாக வரிசைப்படுத்திக் காட்டும் பாடல் ஒன்று அவருடையது. மண்ணை முழுதும் ஆள்கிறவனின் கண் கடல்மேல் போவதையும், பொன் குவித்தவன் இன்னும் பொன் செய்யும் வித்தைக்கு அலைவதையும் அதில் எடுத்து வைக்கிறார். ஏழையின் ஆசையை அவர் கண்டிக்கவே இல்லை. கண்டனம் முழுக்க மேலே இருப்பவர்கள்மேல் விழுகிறது. அவர் கண் மூடி ஒரு தலைமுறைக்குள் கடல்மேல் ஆணை செலுத்தத் துடித்த ஒரு வியாபாரக் கம்பெனி அவர் பணிபுரிந்த திருச்சிக் கோட்டையைச் சுற்றிச் சண்டையிட்டது. பிறகு அவர் சமாதி இருந்த இராமநாதபுரத்தைப் பிடித்தது. 1786 ஆகஸ்ட் 11 அன்று பினாங்கில் கொடியேற்றியது.

*

இதே நூற்றாண்டில் உலகத்தின் மறுகோடியிலும் ஒருவர் ஏழைகளின் நிறைவைப் பாடிக்கொண்டிருந்தார். சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் கார்ல் மிக்கேல் பெல்மன், 1740இல் பிறந்தவர். தெரிந்த மெட்டுகளை எடுத்துக்கொண்டு அவற்றுக்குத் தம் சொல்லைப் போட்டுத் தாமே பாடுவார். மெட்டு ஊருக்குச் சொந்தம், சொல் நமக்குச் சொந்தம் என்ற அந்த முறை நம் சிந்துப் புலவர்களுக்குப் புதிதல்ல. அவருடைய பாட்டுகளின் நாயகன் பிரெட்மன் உண்மையில் வாழ்ந்த ஆள். அரண்மனைக்குக் கடிகாரம் செய்தவன், பிறகு நொடித்துப்போய்க் கள்ளுக்கடை வாசலுக்கு வந்தவன். அவனைச் சுற்றிப் பழைய சிப்பாய்கள், தெருப் பாடகர்கள், கடைக்காரப் பெண்கள். கையில் இன்று ஒரு குவளை இருக்கிறது, நாளைக்குச் சாவு வரும், அதுவரை பாடுவோம் என்பது அவர்களுடைய நிறைவு. 1771 முதல் 1773 வரை சுவீடனில் கொடும் பஞ்சம் நிலவியது. அந்தப் பஞ்சத்தின் நிழலில் எழுந்தவை பெல்மன் பாட்டுகளில் பல.

மன்னர் மூன்றாம் குஸ்தாவ் பெல்மனை ஆதரித்தார். 1776இல் அரசு லாட்டரியில் வேலை கொடுத்தார். 1790இலும் 1791இலும் பிரெட்மன் பாட்டுகள் இரண்டு தொகுதிகளாக அச்சாயின. 1792இல் மன்னர் சுடப்பட்டு இறந்தார். கைகொடுக்க ஆளில்லை. 1794இல் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் பெல்மன் சிறைக்குப் போனார். காசநோயோடு வெளியே வந்தார். 1795 பிப்ரவரியில் இறந்தார்.

பெல்மனைப் படிக்கும்போது தாயுமானவருக்கும் அவருக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் தெரிகிறது. சுவீடன்காரருடைய நிறைவு உடம்பின் நிறைவு, அந்த நிமிடத்தின் நிறைவு. நம்மவருடையது உடம்பையே உதறிவிட்ட நிறைவு. ஆனால் ஒன்றில் இருவரும் ஒன்று. இருவரும் அரண்மனைச் சம்பளம் வாங்கியவர்கள், கீழே இருப்பவர்களை நெருங்கிப் பார்த்தவர்கள். இருவருமே பிறவி ஏழைகளல்லர். போதும் என்ற பாட்டு, எங்கும், சற்றேனும் வாய்த்து இழந்தவரிடமிருந்தோ விட்டவரிடமிருந்தோதான் வந்திருக்கிறது. பசியிலேயே பிறந்து பசியிலேயே வளர்ந்தவர் பாடினால் அது வேறு பாட்டாக இருக்கும். அது என்ன பாட்டு என்று கேட்கப் பினாங்குக்குத் திரும்புவோம்.

*

பெல்மன் சிறைக்குப் போன அதே 1794இல், தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, பினாங்கில் கம்பெனிக் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட் தம் தீவின் குடிகளைப் பற்றிக் கம்பெனிக்கு எழுதினார். சோழமண்டலக் கரையின் துறைகளிலிருந்து வந்த சூலியர்கள் (பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள்) என்று ஒரு வகையைக் குறிப்பிட்டார். பெரும்பாலோர் கெடாவில் நெடுங்காலம் இருந்தவர்கள். ஆயிரம் பேர் வரை நிலையாகத் தங்கியிருந்தார்கள். அவர்கள் கடைக்காரர்கள், இல்லாவிட்டால் கூலிகள். இவர்களைத் தவிர ஆண்டுதோறும் கப்பல்கள் ஆயிரத்து முந்நூறு முதல் இரண்டாயிரம் பேரைக் கொண்டுவந்து இறக்கின. கிடைத்த வியாபாரமும் கிடைத்த வேலையும் செய்து சில வெள்ளி சேர்த்ததும் அவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள்.

கச்சான் காற்றில் கிழக்கே, வாடைக் காற்றில் வீட்டுக்கு. இப்படி ஒரு சக்கரம். ஏன் வந்தார்கள் என்பதை நாகூர், பரங்கிப்பேட்டை, காரைக்கால் கரைகளின் அந்தக் காலத்துக் கதையே சொல்லும். 1780இல் ஹைதர் அலியின் படை ஆர்க்காட்டுச் சீமையில் இறங்கியது, 1781இல் பரங்கிப்பேட்டைக்கு அருகிலேயே பெரும்போர், தொடர்ந்து பஞ்சம். தறி நின்றது, ஏர் நின்றது. கப்பலில் கால் வைத்தவன் திருப்தியானவன் அல்லன். இருப்பதே போதும் என்று அவன் நினைத்திருந்தால் வங்கக் கடலைக் கடந்திருக்கவே மாட்டான். நம் குடியேற்ற வரலாறு முழுவதும் போதாது என்று எழுந்தவர்களின் வரலாறு.

அவர்கள் இங்கே வந்து முதலில் எழுப்பியவற்றைப் பாருங்கள். 1801இல் துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத் பதினெட்டு ஏக்கர் நிலத்தைப் பள்ளிவாசலுக்கு ஒதுக்கினார். பரங்கிப்பேட்டை காதர் மொகிதீன் தலைமையில் கப்பித்தான் கெலிங் பள்ளி எழுந்தது. அதிலிருந்து கூப்பிடு தூரத்தில், சூலியத் தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில், அதே காலத்தை ஒட்டி நாகூர் தர்கா எழுந்தது. சாகுல் ஹமீது ஆண்டவர் அடங்கியிருப்பது நாகூரில். பினாங்கில் இருப்பது அவர் நினைவுக்குக் கட்டிய இடம். நாகூருக்குப் போய்வர முடியாதவன் நாகூரையே இங்கே கொண்டுவந்தான். சிங்கப்பூரிலும் 1828க்கும் 1830க்கும் இடையில் இதையே செய்தார்கள்.

கடலோடிகளுக்கு அந்த மகான் ஏன் அவ்வளவு வேண்டியவர் என்பதற்கும் ஒரு கதை உண்டு. நாவிதர் முகம் மழித்துக்கொண்டிருந்த நேரத்தில், நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலின் கூக்குரல் அவருக்குக் கேட்டதாம். நாவிதர் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி வீசினாராம். அது போய் ஓட்டையை அடைத்ததாம். ஒவ்வொரு ஆண்டும் பாய்க்கப்பலில் உயிரைப் பணயம் வைத்தவன் இந்தக் கதையை எப்படிக் கேட்டிருப்பான் என்று நினைத்துப் பாருங்கள்.

நாகூர் தர்காவில் பக்கீர்கள் தாயிராக் கொட்டிப் பாடும் ஞானப்பாட்டுகளில் மஸ்தான் சாகிபுவின் கண்ணிகளுக்கு என்றும் இடம் உண்டு. தர்காவையே கடல் கடத்தியவர்கள் பாட்டைக் கரையில் விட்டுவிட்டா வந்திருப்பார்கள்? போதும் என்ற பாட்டு பினாங்குக்கு அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று நான் கொள்கிறேன். தொண்டியும் பனைக்குளமும் கீழக்கரையும் பினாங்கோடு கொண்ட உறவு இன்றுவரை அறுந்ததில்லை.

ஆனால் அந்தக் கூட்டம் தொடக்கத்தில் அச்சுக்குக் கொடுத்தது எந்தப் பாட்டை? இந்த நீரிணைக் குடியேற்றங்களில் அச்சான தமிழ் நூல்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றில் ஒன்று, 1872இல் சிங்கப்பூரில் வெளியான முனாஜாத்துத் திரட்டு. பாடியவர் நாகூர் முகம்மது அப்துல் காதிர்ப் புலவர். முனாஜாத்து வகையே வேண்டுதல்தான். இறைவனை நேராகவும், நபிகளையும் இறைநேசர்களையும் முன்னிட்டும் இறைஞ்சுவது. நோய் தீர வேண்டும், கடன் அடைய வேண்டும், குழந்தை வேண்டும், கப்பல் கரை சேர வேண்டும், வறுமை ஒழிய வேண்டும். வெட்கமில்லாமல், சுற்றி வளைக்காமல், உரிமையோடு கேட்கும் பாட்டு.

தா என்ற பாட்டு இதுதான்.

நம் இலக்கிய வரலாறுகள் கண்ணிகளுக்குக் கொடுத்த பக்கங்களில் பத்தில் ஒரு பங்குகூட முனாஜாத்துகளுக்குக் கொடுத்ததில்லை. தத்துவம் இல்லை, ஒரே மாதிரி இருக்கிறது, மன்றாட்டாக இருக்கிறது என்று புலவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு தெருவில் வாழ்ந்தவர்களுக்கு எது இல்லாமல் இருந்தது என்று தெரிய வேண்டுமானால், அவர்கள் கடவுளிடம் கேட்ட பட்டியலைவிட நேர்மையான ஆவணம் கிடையாது. லைட் எண்ணிக்கை சொன்னார். வெல்ஷ் ஒரு முகத்தைக் காட்டினார். உள்ளே என்ன இருந்தது என்பதை வேண்டுதல் பாட்டு சொல்கிறது.

அடுத்த தலைமுறையில் பினாங்குக்கே ஒரு பெரும் புலவர் வந்தார். நாகூர் குலாம் காதிறு நாவலர், 1833இல் பிறந்தவர். 1883இல் தொடங்கிய வித்தியா விசாரிணி இதழை இங்கிருந்து நடத்தினார். சாகுல் ஹமீது ஆண்டவரின் வரலாற்றைக் கன்சுல் கராமாத்து என்று உரைநடையில் எழுதினார். பின்னாளில் மதுரையில் 1901இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது அதன் புலவர்களில் ஒருவராகப் போற்றப்பட்டார். சூலியக் கடைகளின் கணக்கேட்டுக்கு நடுவே யாப்பும் இலக்கணமும் பேசிய இதழ் ஒன்று பினாங்கில் விற்றது என்றால், படிக்க ஆள் இருந்தது என்றுதான் பொருள். கூலித் தெரு என்று மட்டும் அந்தத் தெருவை நினைக்க வேண்டாம்.

*

துறைமுகத்துக்கு எதிரே, கடல்வாயின் மறுபக்கம், வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஒப்பந்தத்தில் கட்டப்பட்டுத் தமிழர்கள் வந்து குவிந்த இடம் அது. அங்கிருந்த துரைமார்கள் தமிழ்க் கூலியைப் பற்றி ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவந்த ஒன்று உண்டு: இவன் பணிவானவன், அடங்கிப் போகிறவன், கொஞ்சத்தில் திருப்திப்படுகிறவன். சீனத் தொழிலாளியைவிட இவனை விரும்பியதற்கு அவர்களே சொன்ன காரணம் இது. அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் அது வரலாறாகவே உட்கார்ந்துவிட்டது. நம்மவர்களிலும் சிலர் அதைப் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நெஞ்சு கொதிக்கிறது.

வாய் திறந்தால் கூலி வெட்டு. ஓடினால் சிறை. அப்படிக் கட்டி வைத்துவிட்டு, இவன் பேசவில்லை, ஆகவே திருப்தியாயிருக்கிறான் என்று எழுதினார்கள். தோட்டத்து நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்த முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்களின் உழைப்பு இல்லாவிட்டால் இந்தப் பொய் அப்படியே நின்றிருக்கும். ஏமாற்றி அழைத்து வந்த ஆள்கட்டிகளையும், அடித்த கங்காணியையும், விட்டு வந்த தாயையும் பெயர் சொல்லிப் பாடின தோட்டத்துப் பெண்களின் வாய்கள். பசியில் பிறந்தவர் பாடினால் எப்படி இருக்கும் என்று சற்று முன் கேட்டோமே, அதற்கு மறுமொழி முனாஜாத்துகளிலும் இந்தத் தோட்டப் பாட்டுகளிலும் இருக்கிறது. ஒன்று மேலே பார்த்துக் கேட்கிறது. மற்றது பக்கத்தில் இருப்பவளிடம் முறையிடுகிறது.

*

அப்படியானால் தாயுமானவரும் மஸ்தானும் ஏழைக்கு வேண்டாதவர்களா? அப்படி நான் சொல்ல மாட்டேன். பணக்காரன் ஏழைக்குப் பாடிக் காட்டும்போதுதான் போதும் என்ற பாட்டு நஞ்சாகிறது. அதே பாட்டை ஏழை தானே எடுத்துப் பாடினால், உன் சால்வை எனக்கு வேண்டாம், உன் முன் குனிய மாட்டேன் என்று ஆகிவிடுகிறது. பகல் முழுதும் மூட்டை தூக்கிவிட்டு இரவில் தர்கா வாசலில் உட்கார்ந்து கண்ணி பாடிய படகுக்காரனுக்கு, அந்த ஒரு நாழிகை முதலாளி கிடையாது. மறுநாள் காலை அவன் அதே வாயால் முனாஜாத்து ஓதி, கடன் அடைய வழி கேட்டிருப்பான். இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் அவனுக்கு வேண்டியிருந்தன.

செல்வரைப் பார்த்துப் பாடும்போதோ, அந்தப் பாட்டுக்கு நேரடியான வேலை இருந்தது. பினாங்குக்கு வட்டித் தொழில் செய்ய வந்த நகரத்தார், செல்வத்தைத் தூக்கியெறிந்த பட்டினத்தாரைத் தம் குலத்தவராகவே கொண்டாடுகிறவர்கள். பொன் சேர்ப்பவர்கள் பொன்னைப் பழித்தவரை வணங்குவதா என்று கேட்பவர்கள் உண்டு. நகரத்தாருடைய கணக்கேட்டைத் திறந்து பார்த்தால் மகமை என்று ஒரு பத்தி இருக்கும். வருமானத்தில் ஒரு பங்கு தர்மத்துக்கு முதலிலேயே ஒதுங்கிவிடும். 1857இல் தண்ணீர்மலைக் கோயில் எழுந்ததும், 1894இல் வெள்ளி ரதம் வந்ததும் அந்த ஒழுங்கிலிருந்துதான். இன்னும் வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்த கையை ஆண்டுக்கு ஒரு முறையாவது நிறுத்திவைக்க, அவர்களுக்குப் பட்டினத்தார் தேவைப்பட்டார்.

சூலிய முஸ்லிம்களிடம் அதே வேலையைச் செய்தது கந்தூரி. கொடியேற்றி, மௌலூது ஓதி, நேர்ச்சைச் சோறு ஆக்கி, வந்தவர் யாராயிருந்தாலும் உண்ண அமர்த்துவது. பெரிய கடைக்காரரும் மூட்டை தூக்குபவரும் சகன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்டார்கள். தா என்று பாடியவனுக்கு, அன்று ஒரு வேளையாவது, போதும் என்று சொல்ல இடம் கிடைத்தது.

அந்தச் சோற்றுக்கும் பள்ளிக்கும் ஏழைக்கும் என்று காதர் மொகிதீன் 1834இல் இறப்பதற்கு முன் ஒதுக்கிய சொத்துகள் ஏராளம். ஜார்ஜ் டவுனின் மையத்திலேயே வக்பு நிலங்கள் பரந்து கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள வந்தவர்களுக்குள் பிணக்கு வளர்ந்தது. வழக்குகள் நடந்தன. 1905இல் அரசாங்கமே சட்டம் இயற்றி, முஸ்லிம், இந்து அறநிலையங்களுக்கு ஒரு வாரியம் அமைக்க வேண்டிய நிலை வந்தது. ஏழைக்கு என்று எழுதிவைத்த நிலம் யார் கைக்குப் போனது என்ற அந்தக் கதையை அடுத்த வாரம் தொடங்குவோம்.